கோலியாத்துக் கப்பலில் நான் செத்த கதை

பயப்படாம உக்காருங்க வாத்தியாரய்யா. கொழும்புக் கப்பலு ஆறு மைல் தள்ளித்தான் நிக்கும். தூத்துக்குடியில ஆழம் கிடையாதுல்லா, அது கரைக்கு வராது, நாமதான் அதுகிட்டப் போகணும். காத்து தோதா இருக்கு, ஒண்ணரை மணி நேரத்துல ஏணியில ஏத்தி விட்டுருவேன். முப்பது வருசமா இந்தத் தோணிய ஓட்டுற தண்டல் நாந்தான். இதுவரைக்கும் ஒருத்தரு பெட்டியக்கூடத் தண்ணியில விட்டதில்ல. ஒரே ஒரு பெட்டி. அதுவும் அது கனமா இருந்துச்சு, என் தப்பு இல்ல.

என்ன கேட்டிய? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, எனக்கு இந்தக் காது மந்தம். ஆமா, இரும்புக் கப்பல்தான். சீமையில எங்கயோ ஒரு பெரிய கப்பலு கட்டும்போது ஒரு ஆள உள்ள வச்சு அடைச்சுட்டாங்களா? இன்னைக்கும் அவன் உள்ள இருந்து தட்டுதானா? யாரு சொன்னா உங்களுக்கு? கொழும்புக்காரனா? அடைபட்டவன் மலாய்க்காரன்னு சொன்னானா?

பாத்தியளா. இதுதான் எனக்கு ஆத்திரம். எங்க போனாலும் மலாய்க்காரன். போன வருசம் ஒருத்தன் எங்கிட்டயே வந்து இந்தக் கதையச் சொல்லுதான், வங்காளத்தான்னு சொல்லுதான். எங்கிட்டயே!

அது நாந்தான் வாத்தியாரய்யா. அந்தச் செத்த ஆளு நாந்தான். பேரு சூசை மொத்தா. ஊரு மணப்பாடு. நல்லாக் கேட்டுக்கிடுங்க, சூசை மொத்தா.

சிரிக்காதிய. முதல்ல இருந்து சொல்லுதேன்.

இருபத்திரண்டு வயசுல ஒரு பாய்க்கப்பல்ல வேலைக்குச் சேந்து லண்டன்பட்டணம் போயிட்டேன். ஊரைப் பாத்துட்டு வரலாம்னு இறங்கினேன். திரும்பி வந்தா கப்பலக் காணும். ஆள விட்டுட்டுப் போயிட்டான் பாவி கேப்டன். நான் ஓடிப் போயிட்டேன்னு அவன் எழுதி வச்சிருந்தானாம். எப்படி இருக்கு பாருங்க? நான் ஊரு பாத்ததே பத்துப் பன்னிரண்டு நாளுதான்.

அப்போ தேம்ஸ் ஆத்தங்கரையில ஒரு கப்பலு கட்டிக்கிட்டு இருந்தாங்க. கோலியாத்துன்னு பேரு. தாவீது கல்லால அடிச்சு விழுத்தாட்டினானே, அவன் பேரு. கப்பலுக்கு வைக்கிற பேரா அது? நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா? பெருசுன்னா அப்படி ஒரு பெருசு. நம்ம பனிமய மாதா கோயிலத் தூக்கி உள்ள வச்சா, பக்கத்துல இன்னும் ரெண்டு கோயிலுக்கு இடம் கிடக்கும். எல்லாக் கப்பலையும் முனை ஆத்தப் பாத்து நிக்கிற மாதிரி கட்டுவாங்க. இத அப்படிக் கட்டித் தள்ளினா எதிர்க்கரையில சோறு தின்னுக்கிட்டு இருக்கவன் வீட்டுக்குள்ள போயிரும். அதனால கரையோட கரையாப் படுக்கப் போட்டுக் கட்டினாங்க. ஆத்துல போறவனுக்கு ஒரு தெரு முழுக்க இரும்புச் சுவரு எழும்பின மாதிரி இருக்கும்.

அந்தக் கப்பலுக்கு ரெண்டு தோலு. வெளிய ஒரு தகடு, உள்ள ஒரு தகடு. நடுவுல மூணடி. அந்த மூணடிக்குள்ள ஒல்லியா ஒருத்தன் உக்காந்திருக்கணும். வெளிய டூலன்னு ஒரு ஐரிஷ்காரன் உலையில ஆணியச் செவக்கச் சுட்டு இடுக்கியால எறிவான். உள்ள இருக்கவன் அதப் பிடிச்சு ஓட்டையில சொருகி, அதும் பின்னால ஒரு இரும்புக் கட்டைய வச்சு அமுக்கிக்கிட்டு இருக்கணும். வெளிய ரெண்டு பேரு சம்மட்டியால அடிச்சு முனையத் தட்டையாக்குவாங்க. அந்த மாதிரி ஆணி முப்பது லட்சமாம். உள்ள இருந்தது நான். இந்தக் காதப் பத்திக் கேக்காதிய, இது அங்க விட்டுட்டு வந்த காது.

டூலன் நல்லவன். வேதக்காரன், நம்ம மாதிரி. அவங்க கோயில்ல பூசை லத்தீன்ல, நம்ம மணப்பாட்டுப் பூசையும் லத்தீன்ல. அதனால முதல் ஞாயித்துக்கிழமையே ரெண்டு பேரும் கூட்டாளி ஆயிட்டோம். அவன் தங்கச்சி பிரிஜிட், புருசன் செத்தவ, ஒரு ரொட்டிக்கடைக்கு மேல வீடு எடுத்து வேலைக்காரங்களத் தங்க வச்சிருந்தா. நானும் அங்கதான். அவளுக்கு எம்மேல ஒரு கண்ணு. இத நான் பெருமைக்குச் சொல்லல்ல. எல்லாருக்கும் ரொட்டி போடுவா, எனக்கு மட்டும் கருகின ஓரமாப் பாத்து எடுத்து வைப்பா. எல்லாரையும் மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவா, என்னய மட்டும், "ஏ சோம்பேறி." உரிமை இல்லாம அப்படிப் பேசுவாளா?

கெட்டவன் ஒருத்தன் இருந்தான். மேஸ்திரி கிரிம்ஷா. செவத்த மீசை. என்னயச் சாம்னு கூப்பிடுவான். "ஏய் சாம்." நான் சொல்லுவேன், "சாம் இல்லய்யா, சூசை. சூசை மொத்தா." அவன் சொல்லுவான், "சரி சாம்." ஒரு வருசம் சொன்னேன் வாத்தியாரய்யா. நாக்கு என்ன மரத்துலயா செஞ்சிருக்கு அவனுக்கு?

ஏ லாசரு, பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்.

நான் போறதுக்குக் கொஞ்சம் முன்னால அங்க ஒண்ணு நடந்துச்சு. ஓவன்னு ஒரு வேல்ஸ்காரன் உள்ள இருக்கது தெரியாமக் கடைசித் தகட்ட வச்சு அடைச்சுட்டாங்க. அரை நாள் இருட்டுல கிடந்து தட்டியிருக்கான். ஆயிரம் சம்மட்டிச் சத்தத்துல அவன் தட்டினது எவனுக்குக் கேக்கும்? தற்செயலா ஒருத்தன் கேட்டு, தகட்ட வெட்டி எடுத்தாங்க. உசிரோடதான் வந்தான். ஆனா அதுக்குப் பொறவு அவன் கதவு சாத்தின அறையில படுத்ததே இல்ல. பனியில, நடைபாதையில படுத்துக் கிடப்பான்.

டூலன் அன்னையில இருந்து கிரிம்ஷாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பான். "தகடு அடைக்குறதுக்கு முன்னால ஒவ்வொரு ஆளு பேரையும் கூப்பிடு. எல்லாரும் இருக்கேன்னு சொன்ன பொறவு அடை." கிரிம்ஷா சொல்லுவான், "நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துதேன்? கப்பலத் தண்ணியில இறக்க நாளு குறிச்சாச்சு." இதுதான் எப்பவும் அவங்களுக்குள்ள சண்டை. நான் அதுல தலையிட மாட்டேன். எனக்கு என் பேரு சரியா வந்தாப் போதும்.

அந்தக் குளிர்காலத்துல ஒரு வியாழக்கிழமை. கிழக்குத் துறையில ஒரு கப்பலு வந்திருக்கு, அதுல வீரபாண்டியன்பட்டணத்து ஆளுக மூணு பேரு இருக்காங்கன்னு காதுல விழுந்துச்சு. வாத்தியாரய்யா, ஒரு வருசமா அவிச்ச உருளைக்கிழங்கு தின்னவன் நான். நம்ம ஆளுக வந்தா என்ன கொண்டாருவாங்க? கருவாடு! கிரிம்ஷாகிட்ட லீவு கேட்டா விட மாட்டான். அதனால நான் யாருக்கும் தொந்தரவு குடுக்கல்ல. சட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் உள்ளயே விட்டுட்டு, கப்பலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓட்டை வழியா நைசா வெளிய வந்துட்டேன். சட்டையைப் பாத்தா நான் அங்கனதான் இருக்கேன்னு நெனச்சுக்கிடுவாங்கல்லா? அந்த அளவுக்கு யோசனை எனக்கு.

நெனச்சாங்க. அதுதான் வினையாப் போச்சு.

நான் அந்தப் பக்கம் கருவாட்டுக் குழம்பு தின்னுக்கிட்டு இருக்கேன், இந்தப் பக்கம் கிரிம்ஷா நான் இருந்த இடத்துல கடைசித் தகட்ட வச்சு அடைச்சுட்டான். சாயங்காலம் டூலன் தேடிப் பாத்திருக்கான். சூசை இல்ல. வீட்டுலயும் இல்ல. மறுநாள் காலையில தகட்டத் தட்டியிருக்காங்க. உள்ள இருந்து திருப்பித் தட்டுற சத்தம் கேட்டுச்சாம். அந்தப் பக்கம் வேல செஞ்சவன் அடிச்ச அடியா இருக்கும். ஆனா டூலன் ஓவனைப் பாத்தவன்லா? சம்மட்டியக் கீழ போட்டுட்டான். அவனப் பாத்து நானூறு பேரு கீழ போட்டுட்டாங்க.

"தகட்ட வெட்டு"ன்னாங்க. கிரிம்ஷா புத்தகத்தப் பாத்தான். "சூசைன்னு ஆளே இல்லையே. சாம்னு ஒருத்தன் உண்டு. அவன் ஏதாவது கப்பல்ல ஏறி ஓடியிருப்பான். அவன் ஜாதகம் அப்படி"ன்னான். வெட்டினா நாளு தப்பிரும், வெட்ட முடியாதுன்னுட்டான். சாயங்காலத்துக்குள்ள அந்தத் தட்டுற சத்தமும் நின்னு போச்சு, சூசை செத்துட்டான்னே முடிவு கட்டிட்டாங்க.

நான் எப்ப வந்தேன்? சனிக்கிழமை மத்தியானம். நம்ம ஆளுக விடல்ல, நானும் போகணும்னு அடம் பிடிக்கல்ல. சந்தோசமாப் பாட்டுப் பாடிக்கிட்டு வந்து வீட்டுக் கதவத் தட்டுதேன். பிரிஜிட் திறந்தா. முகம் அப்படியே வெளுத்துப் போச்சு. உள்ள போனா. என்னடா, ஆரத்தித் தட்டு எடுத்துக்கிட்டு வாறாளோன்னு பாத்தா, விளக்குமாத்தோட வந்து சாத்தினா பாருங்க! ஆவியா ஆளான்னு பாத்தாளாம். நான் "அய்யோ மாதாவே"ன்னதும் நிறுத்தினா. அதுக்குப் பொறவு ஆளுதான்னு தெரிஞ்சதுக்காக இன்னும் நாலு அடி.

டூலன் வந்தான். என்னயக் கட்டிப் பிடிச்சு அழுதான். வாயில இருந்து கருவாட்டு வாசம் வந்ததும் விட்டுட்டான். "எங்கல போயிருந்த?" சொன்னேன். சுவத்தப் பாத்து உக்காந்துட்டான். பொறவு சொன்னான்:

"சூசை, ரெண்டு ராத்திரி அந்தத் தகட்ட நெனச்சு நான் தூங்கல்ல. நானூறு பேரு வேல செய்யாம நிக்கான். நாளைக்கு உனக்குப் பூசை வைக்கோம். கிரிம்ஷா கோயிலுக்கு வர ஒத்துக்கிட்டான். அங்க வச்சு எல்லாரு முன்னாலயும் பேரு கூப்பிடுற விசயத்தக் கேக்கப் போறோம். இப்போ நீ உசிரோட போய் நின்னா, அவன் சிரிப்பான். இனி எவன் உள்ள மாட்டினாலும் 'கருவாடு திங்கப் போயிருப்பான்'னு சொல்லி அடைப்பான். நாளைக்கு ஒரு நாளு மட்டும் செத்துக் கிட."

"அதுக்கென்ன, கிடக்கேன்"ன்னேன். ஒருத்தருக்கு உதவின்னா நான் முடியாதுன்னு சொல்ல மாட்டேன்.

பிரிஜிட் என்னய மேல பரணுல ஏத்தி, ஏணிய எடுத்துட்டா. "இறங்கின, நெசமாவே சாகடிச்சிருவேன்"னா. அவளுக்கு அவ்வளவு அக்கறை.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் கோயிலுக்குப் போயிட்டாங்க. நான் மட்டும் பரணுல. யோசிச்சுப் பாருங்க வாத்தியாரய்யா. தன்னோட அடக்கப் பூசையப் பாக்கக் குடுத்து வச்சவன் உலகத்துல எத்தன பேரு? அதோட எனக்கு ஒரு சந்தேகமும் வந்துச்சு. உசிரோட இருக்கவனுக்குச் செத்தவன் பூசை வச்சா அது செல்லுமா? நாளைக்கு நெசமாச் சாகும்போது, உனக்குத்தான் ஏற்கெனவே வச்சாச்சேன்னு சொல்லிட்டா? ஆபத்துக்கு நாமளும் ஒரு ஓரமா உக்காந்து செபம் சொல்லிருவோம்னுதான் இறங்கினேன். மத்தபடி சத்தியமா வேற எண்ணம் கிடையாது.

ஏணி இல்லாம, பரணு சன்னல் வழியாத்தான் குதிச்சேன். அது ரொட்டிக்கடைப் பின்கட்டுல, மாவு மூடை மேல கொண்டு விட்டுச்சு. மூடை கிழிஞ்சு போச்சு. துடைச்சுக்கிட்டேன். கொடியில கிடந்த பிரிஜிட்டோட கறுப்பு முக்காட்ட எடுத்துத் தலையில போட்டுக்கிட்டு, கோயில்ல போய்ப் பொம்பளையாளுக பக்கம் கடைசி வரிசையில உக்காந்தேன். நல்ல கூட்டம். நடுவுல ஒரு வெறும் பெட்டி, மேல கறுப்புத் துணி, அத எனக்குன்னு வச்சிருந்தாங்க. முன் வரிசையில கிரிம்ஷா, மீசைய முறுக்கிக்கிட்டு. எனக்கு அழுகை வந்துச்சு. இத்தனை பேரு எனக்காகவா! ஓவன்கூட வந்திருந்தான். கதவுப் பக்கத்துலயே நின்னான், உள்ள வரல்ல.

சாமியாரு வயசானவரு, கண்ணு சரியாத் தெரியாது. பிரசங்கத்துல காகிதத்தக் கண்ணுகிட்ட வச்சு வாசிச்சாரு. "நம்ம அன்புச் சகோதரன் சாமுவேல் மட்டன்."

சரி, வயசானவரு. விட்டேன்.

"சாமுவேல் மட்டன் நல்ல உழைப்பாளி." அது நெசந்தான், பேரு மட்டுந்தான் தப்பு. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

"தூர தேசத்துல பிறந்த மலாய்க்காரரான சாமுவேல் மட்டன்..."

வாத்தியாரய்யா, ஒரு மனுசன் எவ்வளவுதான் பொறுப்பான்? மொத்தா, மட்டன்! என் அப்பன் பாட்டன் பேரை ஆட்டுக்கறியாக்கி வச்சிருக்கான்! எந்திரிச்சேன். முக்காட்ட வீசினேன். இங்கிலீசு எதுவும் நினைவுக்கு வரல்ல. தமிழ்லதான் கத்தினேன்: "ஏலே! எம் பேரைச் சரியாக் கூப்பிடுங்கலே! சூசை மொத்தா! மணப்பாடு சூசை மொத்தா!"

கோயில் மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. எல்லாரும் என்னய ஏன் அப்படிப் பாக்காங்கன்னு எனக்குப் புரியல்ல. பொறவுதான் தெரிஞ்சுது, தலையில இருந்து நெஞ்சு வரைக்கும் மாவு. துடைச்சது சரியாப் போகல்ல.

முதல்ல பிரிஜிட்தான். "ஆவி! செத்தவன் ஆவி!"ன்னு ஒரு அலறு அலறி முழங்கால்ல விழுந்தா. கூடவே கோயில் முழுக்க முழங்கால்ல. கிரிம்ஷா மீசை ஆடுது, எந்திரிக்கவும் முடியல்ல, உக்காரவும் முடியல்ல. டூலன் மட்டும் நடுவுல வந்து நின்னு, கைய விரிச்சு, எங்கிட்டக் கேட்டான், "சூசை! உன் ஆத்துமாவுக்கு என்ன வேணும்?"

"எம் பேரைக் கூப்பிடணும்!"ன்னேன். அதையும் தமிழ்லதான் சொன்னேன். கோவத்துல எனக்குத் தாய்ப்பாசைதான் வரும்.

டூலன் கூட்டத்தப் பாத்துத் திரும்பினான். "கேட்டியளா? 'தகடு அடைக்குறதுக்கு முன்னால ஒவ்வொருத்தன் பேரையும் கூப்பிடணும்'னு சொல்லுதான்!"

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! ஒரு வருசம் எங்கூட ஒரே அறையில படுத்தவன், அவன் படிச்ச தமிழு இவ்வளவுதான்! "அது இல்லடா! எம் பேரு! எம் பேரு!"ன்னு கத்துதேன். அவன் அதையும் தப்பாவே சொல்லுதான்: "'ஒருத்தன் பேரும் விடக் கூடாது'ங்கான்! 'கிரிம்ஷா, நீயே கூப்பிடணும்'ங்கான்!"

கிரிம்ஷா பீடத்தப் பாத்துக் கையத் தூக்கிட்டான். "கூப்பிடுதேன். சத்தியமாக் கூப்பிடுதேன். ஒவ்வொரு தகட்டுக்கும் கூப்பிடுதேன். இவரைப் போகச் சொல்லுங்க." நானூறு பேரு சாட்சி. நான் என் விசயத்த இன்னும் விளக்கமாச் சொல்லலாம்னு ஒரு எட்டு எடுத்து வைக்கேன், ஒரு கை வந்து என் காதப் பிடிச்சு, பக்கத்துக் கதவு வழியா வெளிய இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. பிரிஜிட்தான். இந்தக் காதுதான், ஏற்கெனவே மந்தமான காது.

அதுக்கப்புறம் நான் அந்த ஊர்ல எப்படி இருக்க முடியும்? செத்தவன் தெருவுல நடந்தா நல்லாவா இருக்கும்? வீரபாண்டியன்பட்டணத்து ஆளுக கப்பலு செவ்வாக்கிழமை கிளம்புது, அதுல ஏத்தி விட்டுருவோம்னாங்க. டூலன் என்னய ரொம்ப நேரம் கட்டிப் பிடிச்சிருந்தான். "நீ என்ன சொன்னன்னு ஒரு நாளு எனக்குச் சொல்லு"ன்னான். அப்போ கூட அவனுக்குப் புரியல்ல பாருங்க.

அந்தா ஏணி தெரியுது. வெரசா முடிச்சிருதேன்.

செவ்வாக்கிழமை காலையில பிரிஜிட்தான் என்னயப் படகுல கொண்டு போனா. மூடுபனி. ஆத்துல எதிர்த் தண்ணி, அதனால படகுக்காரன் கரையோரமாவே துடுப்புப் போட்டான். கோலியாத்து அடியில போறோம். மேல சம்மட்டிச் சத்தமே இல்ல. அத்தனை பெரிய கப்பல்ல ஒரு சத்தம் இல்லாம நான் அன்னைக்குத்தான் பாத்தேன். பனிக்குள்ள இருந்து ஒரு குரல் மட்டும் வருது. பேரு கூப்பிடுதான் கிரிம்ஷா. ஒரு தகடு அடைக்கப் போறாங்க. ஒவ்வொரு பேரா. "இருக்கேன்." "இருக்கேன்." "டூலன்." "இருக்கேன்." "ஓவன்." கொஞ்ச நேரம் ஆச்சு. "இருக்கேன்."

முடிஞ்சுது, இனி சம்மட்டி விழும்னு நெனச்சேன். விழல்ல. அவன் தொண்டையச் செருமிக்கிட்டான்.

"சூசை மொத்தா."

சரியாச் சொன்னான் வாத்தியாரய்யா. சூவுக்குச் சூ, சைக்குச் சை. யாருகிட்டப் படிச்சான், எத்தன தடவ சொல்லிப் பாத்தான், எனக்குத் தெரியாது. ஒரு எழுத்து பிசகல்ல. எல்லாரும் தொப்பியக் கழட்டியிருப்பாங்க, ஒரு இருமல்கூடக் கேக்கல்ல. அவன் பதிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கான்.

எனக்குத் தொண்ட வரைக்கும் வந்துருச்சு. ஒரு வருசம் அதுக்குத்தான் கெஞ்சினேன். வாயத் திறந்துட்டேன். பிரிஜிட் பாய்ஞ்சு வந்து ரெண்டு கையாலயும் என் வாயப் பொத்தினா. அவ கையெல்லாம் நனைஞ்சு போச்சு. அவளும் அழுதா, நான் பாத்தேன்.

படகு நகந்துருச்சு. பனிக்குள்ள கிரிம்ஷா இன்னொரு தடவ கூப்பிட்டான். அப்பவும் சரியாத்தான் கூப்பிட்டான்.